தொட்டுப் பாத்துச் சொல்லுங்க, சாமி

சமயநல்லூர் ரோட்டின் மேலேயே எங்கள் வீடு. வாசலில் ஒரு போர்டு தொங்கும். 'டாக்டர் ஹாலாஸ்யம், எல்.எம்.பி.' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ஆம்படையான் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்துவிட்டார்கள். எழுதினால் குறையாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஆனால் நான் இப்போது பேனாவை எடுத்தது அவருக்காக அல்ல. எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, போ என்றால் போகாமல், வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டிவைத்தாளே தங்கப்பொண்ணு, அவளுக்காக.

அவள் பிறந்தது எங்கள் ஊருக்குக் கிழக்கே, வயல் தாண்டி இருக்கும் கூலிக்காரத் தெருவில். அந்தத் தெருவில் யாருக்கும் கையகலம் நிலம் கிடையாது. ஊரார் வயலில் நடவு நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற ஜனங்கள். தாய் சின்ன வயசிலேயே போய்விட்டாள். அப்பன்தான் வளர்த்து, உசிலம்பட்டிப் பக்கம் கரட்டடி என்ற வானம் பார்த்த ஊரில் கண்ணுச்சாமிக்குக் கட்டிக் கொடுத்தான். கண்ணுச்சாமி நல்ல பிள்ளை, ஆனால் வாயில்லாப் பூச்சி. வீட்டில் பேச்செல்லாம் அவன் ஆத்தா மலையம்மாளுடையது. தங்கப்பொண்ணுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது, மருது என்று பெயர். அவன் நடை பழகிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதை நடந்தது. சரியாக எந்த வருஷம் என்று கேட்டால் தெரியாது. போடி ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முன்பு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எங்காத்து டாக்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மேலே போக முடியும். அவருக்குப் பெரிய பெயர். எதனால் என்றால், நோயாளி நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தே வியாதி சொல்லிவிடுவார். நான் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நிற்பேன். "அதோ செல்லூர்லேர்ந்து வர்ற தறிக்காரர், ஒரு பக்கமாச் சாஞ்சுண்டு வர்றார் பாரு. இடுப்புல நரம்பு நசுங்கியிருக்கு. இருமினா கால் வரைக்கும் வலி சுண்டி இழுக்கும்" என்பார். வந்தவர் உட்காரவே பயந்துகொண்டு, "இருமுனா உசிரு போகுதுங்க" என்பார். இன்னொரு நாள் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் முன்னால் குனிந்தபடி பொடிநடையாக வந்தார். கட்டைவிரல் தானாக எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. "நடுக்குவாதம். முகத்தைப் பாரு, சிரிச்சா கூட அசையாது" என்றார். ஒருவர் ஒரு காலை அரைவட்டமாக வீசி இழுத்து வந்தால், பாரிசவாதம் வந்து பிழைத்தவர். எனக்கும் அவருக்கும் பந்தயமே நடக்கும். பெரும்பாலும் நான்தான் தோற்பேன்.

கண் அப்படி. கை? கைதான் வேலை செய்யாது! மனுஷர் மகா ஆசாரம். படிக்கிற காலத்தில் பிணத்தை அறுத்தவர்தான், ஆனால் அதற்கெல்லாம் சேர்த்துப் பிராயச்சித்தம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டார். நாடி பார்க்க வேண்டுமானால் மணிக்கட்டின் மேல் பட்டுத்துணி. வயிற்றை அமுக்க வேண்டுமானால் நோயாளியே அமுக்கிக்கொள்ள வேண்டும். கூலிக்காரத் தெருவிலிருந்து வருகிறவர்கள் முற்றத்திலேயே நிற்பார்கள். இவர் வராந்தாவில் நாற்காலி போட்டுக்கொண்டு, பிரம்பை நீட்டி, "இங்கேயா? இன்னும் கீழேயா?" என்று கேட்பார். யாரும் இதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. 'தொடாமலே கண்டுபிடிக்கிற டாக்டர்' என்று பெருமையாகச் சொன்னார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

ஒரு நாள் காலை வழக்கம்போல ஜன்னலில் நின்றோம். கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். இடது முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தாள். பாதம் மட்டும் தொளதொளவென்று தொங்கி, தரையில் பட் பட்டென்று அறைந்தது. புறங்காலில் ஒரு தீப்புண். அதன் மேல் ஈ மொய்க்கிறது, அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"பாதம் தொங்கறது. சுட்ட புண்ணு வலிக்கலை. இதுல பந்தயமே வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்தினார். "பெருவியாதி."

குஷ்டம் என்றதும் நான் பசுபதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் பிள்ளைக்கு அப்போது தவழும் வயசு. உள்ளே போனாலும் காது வாசலில்தான் இருந்தது.

"சாமி, எனக்குப் பெருவியாதி இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னாத்தேன் எம்புள்ளய எங்கிட்டக் குடுப்பாக" என்றாள் அவள்.

கரட்டடியில் கடலை பிடுங்கும் காலத்தில் அவள் கால் இப்படி ஆகியிருக்கிறது. அடுப்படியில் கொள்ளி தெறித்துப் புறங்காலில் விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அதைக் கண்டுபிடித்துக் கத்தினவள் மாமியார் மலையம்மாள். ஊர் கூடிவிட்டது. அங்கேயும் அவர்களுடையது கூலிக்காரத் தெருதான்; அதற்குப் பெரியவர் வீரணன் என்பவர். அவர் பேச்சுதான் அங்கே தீர்ப்பு. கண்மாய்க்கரையில் ஒரு குடிசையில் அவளைத் தனியாக வைத்தார்கள். பிள்ளை கத்தக் கத்தப் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷ் டாக்டர் யாராவது இல்லையென்று சொன்னால் ஊருக்குள் வரலாம், அதுவரை பிள்ளை கண்ணில் படக்கூடாது என்று வீரணன் சொல்லிவிட்டார்.

டாக்டர் பிரம்பை நீட்டி நாலு கேள்வி கேட்டார். பிறகு, "இதோ பாரும்மா, இது அந்த வியாதிதான். அதுக்குன்னு தனி ஆஸ்பத்திரி இருக்கு. நீரடிமுத்து எண்ணெய்ல ஊசி போடுவா. ஆரம்பத்துலேயே போட்டா நன்னா அடங்கும். பயப்படாதே" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"நீங்க இன்னும் என்னயத் தொட்டே பாக்கலையே, சாமி. தொடாமலே எப்புடிச் சொல்றீக?"

"பார்த்தாலே தெரியறதே."

"எங்க அத்தையும் பாத்துத்தேன் சொன்னாக. ஊரும் பாத்துத்தேன் சொன்னுச்சு. அதுக்கு நான் எதுக்கு இம்புட்டுத் தூரம் நொண்டிக்கிட்டு வாரேன்? தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

இவர் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்துவிட்டார். அவளும் போய்விட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால், கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் அம்மணி உட்கார்ந்திருக்கிறாள்! அடுத்த நாளும் அப்படியே. கம்பவுண்டர் போய் விரட்டினார். "இது சர்க்காரு ரோடு. உங்க வீட்டு முத்தத்துலயா உக்காந்திருக்கேன்?" என்று கேட்டாளாம். அவர் திரும்பி வந்துவிட்டார். நாளாக ஆக என்ன ஆயிற்று தெரியுமா? வருகிற நோயாளிகள் அவளைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே திரும்ப ஆரம்பித்தார்கள். செல்லூர்த் தறிக்காரர்கள் வருவது நின்றது. வராந்தா பெஞ்சி காலியாகக் கிடந்தது. இவர் ஜன்னலில் நின்று வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாளே என்று அவள் மேல் ஆத்திரம். ஒரு தடவை தொட்டுத் தொலைத்தால் என்னவாம் என்று இவர் மேல் ஆத்திரம்.

ஒரு மத்தியானம் அவளுக்கு மோர் ஊற்றலாம் என்று சொம்போடு கேட்டருகே போனேன். பசுபதி என் பின்னாலேயே தவழ்ந்து வந்துவிட்டான். எனக்குத் தெரியவில்லை. அவன் கேட்டுக் கம்பிக்கு இடையில் கையை விட்டு அவள் பக்கம் நீட்டினான். அவள் என்ன செய்தாள் என்கிறீர்கள்? இரண்டு கையையும் சடாரென்று முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடலம்மா! நான் தொடவே இல்ல!" என்று பதறினாள். யாரோ அவளை அடிக்க வந்தது மாதிரி பதறினாள். கண் மட்டும் குழந்தையின் விரலை விட்டு நகரவில்லை.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். மோர்ச் சொம்பை அங்கேயே வைத்துவிட்டு நேராக இவரிடம் போனேன்.

"ஏன்னா, எழுந்திருங்கோ. போய் அவளைத் தொட்டுப் பார்த்துட்டு வாங்கோ. வந்து தலையில ஒரு குடம் ஜலம் ஊத்திக்கோங்கோ. ஒரு குடம் ஜலத்துக்காகவா ஒருத்தி பிள்ளையைப் பிரிஞ்சு உட்கார்ந்திருக்கணும்?"

"பார்த்தாலே தெரிஞ்சதை..."

"தெரிஞ்சா தெரிஞ்சதையே இன்னொரு தரம் பார்க்கறது! உங்க கண்ணு போய்டுமா?"

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் எழுந்தார். முற்றத்தில் பெஞ்சி போடச் சொல்லி அவளை உட்கார வைத்தார். இவரும் எதிரே உட்கார்ந்தார். கை நீண்டது, பாதி வழியில் நின்றது, பிறகு போய் அவள் முழங்கையைப் பிடித்தது.

பிறகு நடந்ததை நான் கிட்டே நின்று பார்த்தேன். இரண்டு முழங்கையிலும் உள்பக்கப் பள்ளத்தில் விரலை வைத்து எதையோ உருட்டிப் பார்த்தார். கழுத்தின் பக்கவாட்டில் பார்த்தார். உடம்பில் எங்காவது வெளிறிய தேமல் இருக்கிறதா என்று அவளை ஒரு மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார். ஒன்றும் இல்லை. பிறகு கண்ணை மூடச் சொல்லி, கோழியிறகால் காலில் தடவினார், குண்டூசியால் குத்தினார். புறங்காலிலும் கெண்டைக்கால் வெளிப்பக்கத்திலும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உள்ளங்காலில் இறகு பட்டதுமே, "கூசுது சாமி!" என்று காலை இழுத்துக்கொண்டாள். டாக்டரின் புருவம் ஏறியது.

"கடலை வயல்ல எப்படி உட்கார்ந்தே? உட்கார்ந்து காட்டு."

அவள் குந்தி உட்கார்ந்து காட்டினாள். வலது முழங்காலை நிமிர்த்தி, இடது காலை மடக்கி, உடம்பின் கனத்தையெல்லாம் அதன் மேல் சாய்த்து உட்கார்ந்தாள். பிடுங்கிப் போட்ட கடலைச் செடியிலிருந்து காயை ஆய்கிற பெண்கள் அப்படித்தான் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை உட்காருவார்கள். எழுந்து நின்றால் பக்கத்துக்காரி முந்திவிடுவாளாம். அதனால் குந்தினபடியே நகர்ந்து நகர்ந்து போவார்களாம். இவளோ பிள்ளை பெற்ற உடம்பு, முழங்காலைச் சுற்றி ஒரு துளி சதை கிடையாது.

டாக்டர் அவள் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்து எலும்பு முண்டின் மேல் ஒரு விரலால் தட்டினார்.

"ஆத்தாடி!" என்று கத்தினாள். "தேளு கொட்டுனாப்புல சுர்ருனு விரல் வரைக்கும் ஓடுது சாமி!"

இவர் சிரித்தார். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தார். "நரம்பு செத்துப் போகலை! இந்த எலும்பு மேல தோலுக்குக் கீழேயே அந்த நரம்பு ஓடறது. அதை நசுக்கிண்டே உட்கார்ந்திருக்கே நீ. பாதத்தைத் தூக்கற நரம்பு அது" என்றார். பிறகு சிரிப்பு அடங்கியது. "தங்கப்பொண்ணு, உனக்குப் பெருவியாதி இல்லை. நான் சொன்னது தப்பு" என்றார்.

அவள் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். இவர் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். முழுகாமல் நான் உள்ளே விட்டேனா என்று கேட்காதீர்கள். விடவில்லை.

அதன்பிறகு அவள் வாரா வாரம் வந்தாள். குந்தவே கூடாது என்று உத்தரவு. பாதம் தொங்காமல் இருக்க ஒரு துணி வாரைப் பாதத்தில் சுற்றி முழங்காலுக்குக் கீழே கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "சட்! அதே நரம்பு மேலேயே கட்டறேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அவிழ்த்தார். கடைசியில் வாரின் நுனியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் தன் காலைத் தானே, மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி, தூக்கித் தூக்கி நடந்தாள். ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள். "சிரிங்க சிரிங்க, பல்லு சுளுக்கிக்கிறப் போகுது" என்று சொல்லிக்கொண்டே போவாள்.

வருகிறபோதெல்லாம் சும்மா இராமல் இவரைக் கேள்வி கேட்டுத் துளைப்பாள். பெருவியாதி என்றால் நரம்பு எப்படி இருக்கும், சும்மா மரத்தால் எப்படி இருக்கும் என்று கேட்பாள். இவரும் அலுக்காமல் சொல்வார். பின்னாளில் அவள் தெருவில் யாருக்குக் கை கால் மரத்தாலும் அவள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவாள். இவரோ, அன்று முதல் எல்லாரையும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பட்டுத்துணியை விட இவருக்கு வெகு காலம் ஆயிற்று. ஆனால் ஜன்னல் பந்தயம் அன்றோடு நின்றது. நான் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

மாசங்கள் போயின. முதலில் பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. அப்புறம் பாதம் மெல்ல மேலே எழும்பியது. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அவளுக்கு மட்டும் சந்தோஷம் பாதிதான். பிள்ளை வரவில்லையே.

ஒரு நாள் கண்ணுச்சாமி எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெண்டாட்டியைத் தூரத்திலிருந்தே பார்த்தான்.

"ஊரு நம்ப மாட்டேங்குது சாமி. 'அந்தச் சாமி யாரையும் தொட மாட்டாரே, தொடாம அவருக்கு என்ன தெரியும்'னு வீரணன் பெரியவரு கேக்குறாரு. நீங்க மந்தைக்கு வந்து, எல்லாரும் பாக்க அவளத் தொட்டுச் சொன்னா ஒத்துக்கிருவாகளாம். எங்க ஆத்தா, அப்பவும் ஒத்துக்கிர மாட்டேன்னு நிக்கிது."

பெருமையாகச் சொல்லிக்கொண்டோமே, தொடாத டாக்டர் என்று! அந்தப் பெருமை உசிலம்பட்டி வரைக்கும் போய் நின்றிருக்கிறது. இவர் முகம் சுண்டிவிட்டது. கரட்டடியில் கூலிக்காரத் தெரு ஜனங்கள் கூடுகிற மந்தைத் திடலில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. மதுரையில் இருக்கும் உறவுக்காரர்கள் காதுக்கு எட்டினால் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"என்ன யோசனை? நாளைக்கே கிளம்புங்கோ. நானும் வரேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"நான் வராட்டா நீங்க பாதி வழியில திரும்பிடுவேள். எனக்குத் தெரியாதா உங்களை?"

பசுபதியை என் நாத்தனார் ஸ்யாமளாவிடம் விட்டுவிட்டு, மதுரைக்குப் போய், போடி ரயிலில் ஏறினோம். தங்கப்பொண்ணு வேறு பெட்டி. உசிலம்பட்டியில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம். வழியெல்லாம் செம்மண்ணும் கரடும். வண்டி குலுங்கின குலுக்கலில் இவர் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டிக்குப் பின்னால் தங்கப்பொண்ணு நடந்து வந்தாள். ஏறிக்கொள் என்றால் மாட்டேன் என்றாள். "நடந்து போயித்தேன் ஊருக்குள்ள நொழைவேன்" என்றாள். வாரை அவிழ்த்து இடுப்பில் செருகியிருந்தாள்.

மந்தையில் ஆணும் பெண்ணுமாக ஊரே கூடியிருந்தது. வீரணன் நல்ல உயரம், வெள்ளை மீசை. அவருக்குப் பக்கத்தில் மலையம்மாள் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் மருது. ஒரு கை பிள்ளையை அணைத்திருந்தது, இன்னொரு கை முந்தானைக்குள் இருந்தது. பிள்ளை தங்கப்பொண்ணைப் பார்த்தான். அடையாளம் தெரிந்த மாதிரியும் இல்லை, தெரியாத மாதிரியும் இல்லை. அவள் இரண்டடி முன்னால் போனதும், "அங்கயே நில்லு!" என்று மலையம்மாள் அதட்டினாள். தங்கப்பொண்ணு நின்றாள்.

இவர் நாற்காலியை வேண்டாம் என்றார். தங்கப்பொண்ணை இன்னொரு கல்லில் உட்கார வைத்து, எதிரே தரையில், செம்மண்ணில் உட்கார்ந்தார். அவள் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடிற்று. இவ்வளவு தூரம் போவார் என்று நானும் நினைக்கவில்லை. எங்காத்து மனுஷரா இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு பெருமை என் கல்யாணத்தன்றைக்குக்கூட எனக்கு இருந்ததில்லை.

"இவளுக்கு அந்த வியாதி இல்லை. நான் தொட்டுப் பார்த்துட்டேன், இப்ப எல்லாரும் பார்க்கத் தொட்டுண்டுதான் இருக்கேன்" என்றார்.

"தொட்டுட்டுப் போயிருவீக சாமி" என்றாள் மலையம்மாள். "வீட்டுக்குப் போயி முழுகிருவீக. நாங்கள்ல கூடக் கெடந்து சாகணும்?"

அவள் சொன்னது நிஜம்தான். கிணற்றடிக் குடத்தை நானே ரொப்பி வைத்துவிட்டுத்தானே வந்தேன். இவர் தலையைக் குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்போ நான் சொல்றதை நம்ப வேண்டாம். நீங்களே தொட்டுப் பார்த்துக்கோங்கோ. எல்லாரும் முழங்கையை மடக்குங்கோ. உள்பக்கத்து எலும்புக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்கும். எங்கேயாவது இடிச்சிண்டா சுண்டுவிரல் வரைக்கும் சுரீர்ங்குமே, அந்த இடம். விரலை வெச்சு உருட்டிப் பாருங்கோ. நூல் மாதிரி ஒண்ணு நழுவும். பெருவியாதி வந்தா அந்த நூல்தான் தடிச்சுக் கயிறு மாதிரி ஆகும். முதல்ல உங்க கையைப் பாருங்கோ, அப்புறம் அவ கையைப் பாருங்கோ."

அவ்வளவுதான். மந்தை முழுக்க ஆளாளுக்கு முழங்கையை மடக்கிக்கொண்டு தடவ ஆரம்பித்தார்கள். "ஆத்தீ, சுர்ருங்குது!" என்று ஒருத்தி குதித்தாள். பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துச் சிரித்தார்கள். வீரணன் தன் முழங்கையை வெகு நேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து வந்து தங்கப்பொண்ணின் முன்னால் நின்றார். அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்தார். குடிசையில் வைத்த நாளிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் அவளைத் தொட்டது அப்போதுதான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"நூலுதேன்" என்றார் வீரணன். "எனக்கு எப்புடியோ அப்புடித்தேன் இருக்கு. ஏ மலையம்மா, நீயும் வந்து தொட்டுப் பாரு. உங்கையையும் மடக்கு, ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு நீயே சொல்லு."

"எனக்கு என்னத்துக்கு? நான் பாக்க மாட்டேன்."

"ஊரே பாக்குது, நீ மட்டும் என்ன மகாராணியா? கண்ணுச்சாமி, பிள்ளைய வாங்குடா."

கண்ணுச்சாமி பிள்ளையை வாங்கிக்கொண்டான். மலையம்மாள் கையை நீட்டாமல் இருந்ததால் டாக்டரே எழுந்து போய், முந்தானைக்குள் இருந்த கையை வெளியே இழுத்து, முழங்கையைப் பிடித்தார். "இதோ, இங்கே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். விரலை மறுபடியும் உருட்டினார். கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தது. விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

கயிறு. பெருவியாதி மருமகளுக்கு இல்லை, மாமியாருக்கு.

எதிர்க் கல்லில் உட்கார்ந்திருந்த தங்கப்பொண்ணு எல்லாவற்றையும் பார்த்தாள். மடங்கின விரலைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள், டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலையம்மாளோ தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கையை மறுபடியும் முந்தானைக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவளுக்கு இது புதுச் சேதி இல்லை. எத்தனை காலமாகவோ தெரிந்து, முந்தானைக்குள் மறைத்து மறைத்து, யார் கண்ணாவது தன் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்தே செத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சொல்லுடி, சொல்லு என்று என் மனசு கத்திற்று. உன்னைத் துரத்தினாளே, பிள்ளையைப் பிடுங்கினாளே, எழுந்து நின்று ஊர் கேட்கச் சொல்லு! நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"என்ன சாமி, பேச்சக் காணோம்? மலையம்மாளுக்கு என்ன?" என்றார் வீரணன்.

இவருக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்தார்.

அதற்குள் தங்கப்பொண்ணு எழுந்துவிட்டாள். நேராகக் கண்ணுச்சாமியிடம் போய்ப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. மருது அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"அத்தைக்குக் கை வாதம், பெரியவரே. திருகைக் கல்லச் சுத்திச் சுத்தியே வந்தது" என்றாள், மந்தை முழுக்கக் கேட்கும்படி. "சாமிகிட்ட அதுக்கு ஊசி இருக்கு. எங்க அப்பன் வீட்டுல வச்சு நான் போட்டு விட்டுக் கூட்டியாரேன்."

டாக்டர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மலையம்மாள் தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள். தங்கப்பொண்ணு கிட்டே போய், அந்த மடங்கின விரலோடு சேர்த்து, தழும்போடு சேர்த்து, அவள் கையை ஊர் பார்க்க இறுகப் பிடித்தாள்.

"எந்திரிங்க அத்தே. ரயிலுக்கு நேரமாச்சு."